ஆண்டிமுனையில் இரண்டாவது டிக்கெட்

16 மார்ச் 2025, ஞாயிறு
தென்காசி

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. ஆண்டிமுனை கலங்கரை விளக்கத்தைக் காலையில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். மாலையில்தான் திறக்கிறார்கள். காலை நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வருவதற்கு, அதுவும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால்தான். நேரம் பற்றி இணையத்தில் இரண்டு வரிகள் இருந்தன. நான் மேல் வரியை மட்டும் படித்திருக்கிறேன். அதனால் அப்பாவை விடிவதற்கு முன்பே எழுப்பி, ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி, அங்கிருந்து திசையன்விளை, அதன் பிறகு ஒரு மினி பஸ் என்று மாற்றி மாற்றிக் கூட்டிப் போய், பூட்டிய கேட்டின் முன்னால் நிறுத்தினேன். நேற்று எழுதியதை அடிக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

மாலை வகுப்பில் குமரகுரு சார் எங்களைத் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். போட்டித் தேர்வுக்கு வருகிற பிள்ளைகளுக்கு விடை தெரிகிறது, நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் எழுதத் தெரியவில்லை என்பது அவருடைய குறை. உன்னைத் தெரியாத ஒருவர் படித்தாலும் புரிய வேண்டும் என்பார். ஆகவே சொல்கிறேன். என் பெயர் சண்முகப்பிரியா. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறேன். பகலில் பஜாரில் ஒரு கடையில் இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்குகளும் பழுது பார்க்கிறேன். கலங்கரை விளக்கத் துறையில் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு எழுதிய தேர்வில் தேறிவிட்டேன். வருகிற புதன்கிழமைக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: 'உயரமான கோபுரங்களில் ஏறி வேலை செய்ய என்னால் முடியும்.' அதன் கீழே கையெழுத்து.

அந்த வரியில்தான் நான் நிற்கிறேன். டிப்ளமோ முடித்த வருடம் செல்போன் கோபுரம் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போனேன். புளியங்குடியில் ஒரு கோபுரத்தில் பாதி ஏறியதும் கை கம்பியை விடவில்லை. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. கயிறு கட்டி இறக்கினார்கள். எலுமிச்சை மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடுவதோடு சரி.

என்னோடு படிக்கிற முஃபீத்துக்கு இது தெரியும். "கலங்கரை விளக்கத்துக்கு லிஃப்ட் வைக்கச் சொல்லி ஒரு மனு போடுட்டி. கவர்மெண்ட்டு வைக்குதுக்குள்ள நீ ரிட்டயர்டு ஆயிருவ" என்றான்.

பொய்க் கையெழுத்துப் போட எனக்குப் பிடிக்கவில்லை. முடியாது என்று எழுதவும் மனமில்லை. ஏதாவது ஒரு கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றியது. ஆண்டிமுனையில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, பார்வையாளர்களை மேலே விடுகிறார்கள் என்று படித்தேன். அப்பாவும் வருகிறேன் என்றார்.

அப்பா பெயர் வல்லிநாயகம். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கிறார். மார்ச் மாதத்தில் அருவி பாறையை நனைப்பதோடு சரி. கடை தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அவரும் வீட்டில் சும்மா இருந்து அம்மாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆண்டிமுனை என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேடு. மினி பஸ் ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மணலில் நடக்க வேண்டும். முள் நிறைந்த உடைமரங்கள், அப்புறம் பாறை, பாறையின் மேல் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்த கோபுரம். படத்தில் பார்த்தபோது ஒல்லியாக இருந்தது. கிட்டப்போனால் அடிப்பாகம் எங்கள் வீட்டைவிட அகலம். நான் கோபுரத்தைப் பார்க்காமல் கேட்டில் தொங்கிய பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் என் தவறு தெரிந்தது.

கேட்டுக்கு உள்ளே ஒரு பையன், இல்லை, என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். டிக்கெட் கொடுக்கிற சுபாஷ்.

"மூணு மணிக்குத்தான் அண்ணாச்சி" என்றான் தலையைத் தூக்காமல். "எந்த ஊர்லேருந்து வாறிய?"

"தென்காசி."

இப்போது தலையைத் தூக்கினான். "அருவிய விட்டுட்டா இங்கன வந்திய?"

"அருவி லீவுல இருக்கு" என்றார் அப்பா.

"எங்க தண்ணிக்கு லீவே கெடையாது. பாத்துக்கிடுங்க."

"இருந்து என்ன செய்ய? சோப்பு போட்டா நுரைக்குமா ஒங்க தண்ணி?"

சுபாஷ் சிரித்துவிட்டு, வெயிலில் நிற்காமல் சுவரோரமாக உட்காரச் சொன்னான்.

காத்திருப்பது எனக்கு நல்லதில்லை. கோபுரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். அதன் நிழல் மணலில் என் பக்கத்தில் கிடந்தது. நிழலின் உச்சியைக்கூடப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அப்பா கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அம்மா புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை.

"முடியலன்னா முடியலன்னு எழுதிருட்டி" என்றார் அப்பா. "ஒன்னய யாரும் தூக்குலயா போடப் போறா?"

"நான் போக வேண்டாம்னு நெனைக்கியளாப்பா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? போனாலும் சரி. போவாட்டாலும் சரி."

அவர் கூடாது என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டு ஏறியிருப்பேன். இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் பொரியல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் கடலில் கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீரைக் கண்டால் அவரால் இறங்காமல் இருக்க முடியாது.

மூன்று மணிக்குச் சுபாஷ் கேட்டைத் திறந்தான். அப்பா கரையில்தான் நின்றார். கூப்பிடவில்லை. அவர் பின்னால் வந்தால் இன்னும் பயப்படுவேன் என்று தோன்றியது. ஒரு டிக்கெட் வாங்கினேன்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரை ஒட்டி இரும்புப் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன. நடுவில் ஒரு பெரிய குழாய் நேராக உச்சிவரை நிற்கிறது. மின்சாரம் வருவதற்கு முன்னால் மேலே விளக்கைச் சுற்ற வைக்க ஒரு பாரத்தை இந்தக் குழாய்க்குள் தொங்கவிடுவார்களாம். பாரம் மெதுவாக இறங்க இறங்க, விளக்கு சுற்றும். கீழே வந்துவிட்டால் ஆள் மறுபடி சுற்றி ஏற்ற வேண்டும். சுவரில் மாட்டியிருந்ததைப் படித்தேன். கீழேயே நின்று இரண்டு முறை படித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் திட்டம், ஒரு ஜன்னல்வரை ஏறுவது, நிற்பது, அடுத்த ஜன்னல்வரை ஏறுவது. முதல் ஜன்னல் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அதற்கும் மேலே போனபோது படி இடுக்கின் வழியாகக் கீழே தரை தெரிந்தது. யாரோ கழற்றிப்போட்ட செருப்பு, சட்டைப் பொத்தான் மாதிரி கிடந்தது. உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்கியது. மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே ஒரு குடும்பம் வந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை என்னைத் தாண்டும்போது, "இந்த அக்கா ஏன் படியில உக்காந்திருக்கு?" என்று கேட்டது. "காத்து வாங்குதா" என்றாள் அதன் தாய், எனக்காக. அவர்கள் போய்விட்டார்கள். புளியங்குடி மாதிரியே ஆகிவிட்டது. என்ன எழுத வேண்டும் என்பது முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். 'முடியாது' என்று எழுதுவதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நினைப்பில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

அப்போது வெளியே விசில் சத்தம் கேட்டது.

ஜன்னல் பக்கத்திலேயே இருந்ததால் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு இடத்தில் நின்று இழுக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் இழுப்பதற்காக நடுவில் ஒருவர் நின்று விசில் ஊதுகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் அப்பாவுக்கு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான்.

குற்றாலத்தில் அருவியில் தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். குளித்துக்கொண்டிருப்பவர்கள் தலையில் நுரையோடு வெளியே வர வேண்டும். வெளியூர்க்காரர்கள் சிலர் இன்னும் ஒரு நிமிடம் என்று சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். யாரும் சொல்லி அல்ல. அந்தச் சத்தம் கேட்டால் அவர் கால் ஓடும்.

இங்கேயும் ஓடியது. முழங்கால் ஆழத்தில் ஆரஞ்சுச் சுடிதார் போட்ட ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்தாள். அப்பா இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு கரையேறினார். அந்தப் பெண் கையை வீசிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். 'தண்ணி வருது, மேல ஏறுங்க.' கடலைப் பார்த்து. மறுபடி விசில். அப்பா பிள்ளைகளை மணலில் வைத்துவிட்டு, செல்பி எடுத்துக்கொண்டிருந்த நாலு பையன்களை நோக்கி ஓடினார். ஒருவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். வலை இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விசில்காரர் அப்பாவை நிறுத்துவதற்காக இன்னும் பலமாக ஊதினார். அப்பா இன்னும் வேகமாக ஓடினார்.

நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா ஓடி ஓடி ஜன்னல் சட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார். அடிவாங்கப் போகிறாரோ என்று பயமும் வந்தது. கீழ் ஜன்னலிலிருந்து கரையைப் பாறை மறைக்கும். ஒரு சுற்று மேலே போனால் அதே திசையில் இன்னொரு ஜன்னல் இருக்கும். போனேன். அங்கிருந்து பார்த்தால் விசில்காரர் அப்பாவின் தோளில் கை வைத்து வலையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் மறைத்தது. இன்னும் ஒரு சுற்று ஏறினேன். பிறகு ஒரு சின்னக் கதவு, அதைத் தாண்டினேன், காற்று முகத்தில் அடித்தது. அப்பா கயிற்றைப் பிடித்து மற்றவர்களோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. உச்சியில் கோபுரத்தைச் சுற்றி இருக்கும் இரும்பு நடைபாதை. மூன்று பக்கமும் கடல். மேற்கே மட்டும் தரை, அதற்கும் பின்னால் மலை ஒரு மங்கல் கோடு. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு குந்திவிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து கதவுக்குள் வந்து, படியைப் பார்த்தபடி இறங்கினேன்.

கீழே அப்பா வந்துவிட்டிருந்தார். வேட்டி முழுக்க மணல். கழுத்தில் இருக்க வேண்டிய துண்டு மூட்டையாகக் கையில் இருந்தது. மூட்டையை உடம்புக்கு எட்டத்தில் பிடித்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னப்பா இது?"

"மீனு" என்றார் மெதுவாக, யாராவது கேட்டுவிடக்கூடாது என்பது போல. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. "கயித்துல கை வச்சா பங்கு உண்டாம். நாங்க சைவம்னு சொன்னேன். அது ஒங்க வீட்டுச் சட்டம், கடலுக்கு ஒரே சட்டந்தான்னு அந்த விசில்காரன் துண்டுல போட்டுட்டான்."

ஆரஞ்சுச் சுடிதார் போட்ட பெண் பிள்ளைகளோடு கேட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிக்காரி. அப்பாவைப் பார்த்ததும், "இந்தா வந்துட்டாரு. அடுத்து எங்கள எங்க தூக்கிட்டுப் போகப் போறிய?" என்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா. எங்கூர்ல விசில் அடிச்சா அப்படித்தான்."

"எங்கூர்ல விசில் அடிச்சா குக்கர எறக்கி வைப்போம்."

அப்பா மூட்டையை நீட்டினார். "அப்ப இத அதுல போட்டுக்கிடுங்க." அவள் பிரித்துப் பார்த்தாள். சாளை மீன்கள். முகம் மலர்ந்துவிட்டது. மீனைத் தன் பைக்கு மாற்றிவிட்டுத் துண்டைத் திருப்பித் தர வந்தாள். அப்பா வேண்டாம் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ மேல நின்னத பாத்தேன்" என்றார் அப்புறம் என்னிடம். "அதான் ஏறிட்டியே. கையெழுத்தப் போட்டுரு."

ஏறிவிட்டேன் என்பது சரிதான். ஆனால் அது எப்படி நடந்தது என்று யோசித்தேன். கடையில் எரியாமல் வந்த ஒரு எல்.இ.டி. போர்டு, தட்டினவுடன் எரிந்தால் அதை வாடிக்கையாளரிடம் கொடுக்க மாட்டேன். எதனால் எரிந்தது என்று தெரியாமல் கொடுத்தால் மறுநாள் திரும்பி வரும்.

"அது நீங்க ஓடுனதப் பாத்துக்கிட்டே ஏறுனதுப்பா. கணக்குல வராது."

"அதுக்கு? நீ வேலைக்குப் போற எடத்துக்கெல்லாம் நான் வந்து கீழ ஓட முடியுமாட்டி?"

"முடியாதுல்ல. அதான் திரும்ப ஏறணும்."

சுபாஷிடம் போனேன். "ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவதான்க்கா" என்றான். இன்னொன்று கேட்டேன். "மொத தடவ எதயும் மறந்து வச்சிட்டியளா?" என்று கிழித்துக் கொடுத்தான். அப்பாவிடம், என் கண்ணில் படாத இடமாக உட்காரச் சொன்னேன். டிக்கெட் அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது தடவை எளிதாக இருக்கும் என்று நினைத்தது தவறு. முதலாவதைவிடக் கஷ்டமாக இருந்தது. விசில் இல்லை, சிரிப்பு இல்லை, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. மூன்றாவது ஜன்னலில் அதே இடத்தில் கால் நின்றது. அதே வேர்வை. உட்கார்ந்தேன். புளியங்குடியில் என்ன ஆனது என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே பயம் போன பிறகு ஏறலாம் என்று காத்திருந்தேன். அது போகவே இல்லை. காத்திருக்கக் காத்திருக்கக் கை இறுகியது. இங்கே, போகாவிட்டால் கூடவே வரட்டும் என்று துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கம்பியைப் பிடி, கால் வை, அடுத்த கம்பி என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். சுவரில் என் குரல் மோதிச் சுற்றி வந்தது. வேறொருத்தி சொல்வது போலிருந்தது. அவள் சொன்னபடி ஏறினேன்.

மேலே இந்த முறை விளக்கு அறைக்குள்ளும் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு வளையம் வளையமாகக் கண்ணாடி. நடுவே கையளவு எல்.இ.டி. விளக்கு. அந்த வகையில் எது முதலில் பழுதாகும் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து, ஒரு கையைச் சுவரில் வைத்தபடி நடைபாதையை முழுதாக ஒரு சுற்று வந்தேன். கடல் பக்கம் வந்தபோது கையை எடுத்துப் பார்த்தேன். உடனே திரும்ப வைத்துவிட்டேன். எடுத்தேன் என்பதால் எழுதுகிறேன்.

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. சுபாஷ் கதவில் நின்றான்.

"பூட்டணும்க்கா. எறங்குதியளா, இல்ல நைட் ட்யூட்டி பாக்குதியளா?"

"வேல கெடைக்கட்டும். பாக்கேன்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார், மீன் விஷயம் உட்பட. "அந்த வேட்டியோட நடை ஏறாதிய. வெளிக் குழாயில குளிச்சிட்டு வாங்க" என்று அம்மா சொன்னது எனக்கே கேட்டது.

திருநெல்வேலி தாண்டிய பிறகு அப்பா கேட்டார். "அங்கன ராத்திரி தனியாவா இருக்கணும்?"

"தனியா இல்லப்பா. ஷிஃப்டுக்கு ஆள் உண்டு."

"சாப்பாடு?"

"குவார்ட்டர்ஸ் தருவாங்க. நாமளே சமைச்சுக்கிடணும்."

ஆலங்குளம் வருவதற்குள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "அம்மா சாம்பார்ப்பொடி இடிச்சுத் தருவா. மாசத்துக்கு ஒருக்க நான் கொண்டு வந்து தாரேன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன். பயமில்லாமல் ஏற முடியும் என்று அதில் இல்லை. ஏறி வேலை செய்ய முடியும் என்றுதான் இருக்கிறது. ஏற முடியும் என்பதை இன்று பார்த்துவிட்டேன். மேலே நின்று வேலை செய்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. அது போகக் காத்திருக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டேன். மேல் வரியும் கீழ் வரியும் சேர்த்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நாளை செய்ய வேண்டியது: காலையில் அரசு மருத்துவமனைக்குப் போய் உடற்தகுதிச் சான்றுக்கு ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். ஆதார் நகலும் புகைப்படமும் எடுத்துப்போக வேண்டும். கடைக்கு மதியத்துக்கு மேல்தான் வருவேன் என்று முதலாளியிடம் இன்றே சொல்லிவிட்டேன்.